நம்பறேன் கண்ணு

யாராவது வலிக்கிறது என்று வந்து நின்றால் நர்சம்மா முதலில் மிளகு டப்பாவைத் திறப்பார். முகப் பவுடர் தீர்ந்துபோன பழைய டப்பா அது. உள்ளே காய்ந்த மிளகு. ஊசி வைக்கிற எவர்சில்வர் தட்டைக் காலி செய்து முன்னால் தள்ளி, "எத்தன மிளகு நோவுதுங்க? எடுத்து வெயிங்க பாக்கலாம்" என்பார். பத்துதான் உச்சம். பத்து வைத்தால் உயிர் போகிற வலி. ஒன்று வைத்தால் வீட்டுக்குப் போய் வெந்நீர் ஊற்றிக்கொண்டு படுக்கலாம்.

கொல்லிமலையில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் மிளகு அத்துப்படி. ஒருமுறை ஒரு பெரியவர் தட்டைப் பார்த்துவிட்டு, "பொக்கு மிளகுல வெக்கறதா, நல்ல மிளகுல வெக்கறதாங்க?" என்று கேட்டார். உள்ளே ஒன்றுமில்லாத மிளகைத்தான் பொக்கு என்பார்கள். நர்சம்மா கொஞ்சமும் சிரிக்காமல், "பொக்குன்னா ரெண்டுக்கு ஒண்ணுங்க" என்றார். பெரியவரும் சிரிக்காமல் எண்ணி எண்ணி வைத்தார்.

எத்தனை வைத்தாலும் அடுத்து அவர் சொல்வது ஒன்றுதான். "நம்பறேன் கண்ணு." கிழவரும் கண்ணுதான், கைக்குழந்தைக்காரியும் கண்ணுதான். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். அதை வைத்துத்தான் பின்னாளில் வருடக்கணக்காக எழுதினேன். ஏமாந்தேன் என்று சொல்ல இன்னும் வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன், ஏமாந்தேன்.

அவர் பெயரை நான் எங்கேயும் எழுதியதில்லை. அப்போது மரியாதைக்காக எழுதவில்லை. இப்போது எழுதினால் என் கோபத்துக்குத் தீனி போட்ட மாதிரி ஆகும், அதனால் எழுதவில்லை.

தொண்ணூற்றேழில் எனக்கு வளப்பூர் நாட்டில் ஒரு நடுநிலைப்பள்ளியில் வேலை போட்டார்கள். மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியைத்தான் நாடு என்பார்கள். எனக்கு இருபத்தாறு வயது. அடிவாரத்தில் அத்தாவுக்கு மளிகைக் கடை. மலை என்றால் பலாப்பழ லாரி இறங்கி வரும் இடம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எப்போதாவது பஸ் ஏறி வந்து, மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்களாம். நான் அங்கேயே ஒரு அறை பிடித்துத் தங்கினேன். தியாகமெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் தினம் ஏறி இறங்கினால் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும்.

முதல் குளிர்காலத்தில் ஒருநாள் காலையில் எழுந்தபோது விரல்கள் மடங்கவில்லை. ஜடை பின்ன வரவில்லை. பிறகு மணிக்கட்டு வீங்கியது, முட்டி வீங்கியது. தொழுகையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. கீழே போய்ச் சொன்னால் அத்தா என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "மலைய விட்டு இறங்கறதுக்கு இதாம்மா வழியா?" என்றார். கல்வி அலுவலகத்தில் இருந்தவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "மலைக்குப் போட்டா எல்லா டீச்சருக்கும் மூட்டு வலி வந்துருதும்மா. மாத்தல் மனுவையும் மூட்டு வலியையும் நீங்க சேத்தேதான் கொண்டாறீங்க" என்று பக்கத்து மேஜையைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு முன்னால் பொய் சொன்னவர்கள், நிஜமாக வலிக்கிறவளுக்கு ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்காமல் போயிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையைப் புரட்டியிருப்பேன், கைதான் வரவில்லை.

அன்று மலைக்குத் திரும்பியதும் நேராக நர்சம்மாவிடம் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறையில் ஒரு துணை சுகாதார நிலையம். அவர் குண்டூர் நாட்டில் பிறந்து வளர்ந்த மலைக்காரப் பெண். நாற்பதைத் தாண்டியவர், கட்டையான உருவம், நடையில் எப்போதும் ஒரு அவசரம். டப்பாவைத் திறந்து தட்டைத் தள்ளினார். நான் ஏழு மிளகு வைத்தேன். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பறேன் கண்ணு."

தேம்பித் தேம்பி அழுதேன். அவர் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார்.

வலி விஷயத்தில் அவரை யாரும் ஏய்க்க முடியாது. மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். மைத்துனன்மார் சுற்றி நிற்க, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு மிளகை வைத்தார். நர்சம்மா அவர் நெற்றியில் வழிந்த வேர்வையைப் பார்த்தார். தானே எட்டு மிளகை எடுத்து அதோடு சேர்த்தார். "மச்சாம்மாருக்கு முன்னால ஒரு மிளகு. எனக்கு முன்னால ஒம்பது. ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க" என்றார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது என்று பிறகு கீழே இருந்து சேதி வந்தது.

இன்னொரு நாள் ஒரு அம்மாள் டப்பாவையே தட்டில் கவிழ்த்துவிட்டார். கூட வந்த மருமகள் களுக்கென்று சிரித்தாள். "நேத்து சந்தையில ஓடி ஓடி அன்னாசி வித்துச்சுங்க எங்க மாமியா" என்றாள். நர்சம்மா அவள் பக்கம் திரும்பி, "நோவு அவுங்குளுது. எண்ணிப் பாக்கறதுக்கு நீ யாரு?" என்று ஒரு அதட்டு அதட்டினார். பிறகு அந்த அம்மாளிடம் குனிந்து, அதே வார்த்தை. நம்பறேன் கண்ணு. இதை நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் எரிகிறது.

எனக்கு ஊசி போட்டார். தினம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். நோன்பு மாதத்தில் பகலில் ஒன்றும் வாயில் போடமாட்டேன் என்று தெரிந்து, நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாத்திரையும் சாமைக் கஞ்சியுமாக என் அறைக்கே வந்துவிடுவார். சொந்த அக்காகூட அப்படிச் செய்யமாட்டாள். மாத்திரை போட்டால் வலி அடங்கியது. கன்னம் உப்பியது. "மலக்காத்து ஒத்துக்கிச்சுங்க டீச்சருக்கு" என்று ஊரில் கேலி செய்தார்கள். நானும் கண்ணாடியில் பார்த்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் என் ரத்தத்தை எடுத்து, ஐஸ் டப்பாவில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு கீழே பரிசோதனைக்குக் கொண்டுபோனார். நான் மாற்றல் மனுவை எழுதித் தயாராக வைத்திருந்தேன். ஏதாவது நோய் என்று காகிதத்தில் வந்தால், அதையும் சேர்த்து அந்தக் கண்ணடித்த மனிதர் மூஞ்சியில் வீசிவிட்டு வரலாம் என்று இருந்தேன். நான்கு நாள் கழித்து நர்சம்மா வந்தார்.

"ரிசல்ட்டு வந்துருச்சுங்க. ஒண்ணுமில்ல கண்ணு. குளுருக்கு வர்ற வாதந்தான்."

"காகிதம் எங்கீங்க?"

"அத ஆபீஸ் பைல்ல வெச்சுட்டாங்க. நீங்க கீழயும் மேலயும் பஸ்ஸுல அலஞ்சீங்கன்னா இன்னும் மோசமாவும். இங்கியே இருங்க. நாம் பாத்துக்கறேன்."

அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஒத்தடம் கொடுத்தார். நான் மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அப்புறம் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

அவர் மகள் என் வகுப்பில் இருந்தாள். நான் வந்தபோது ஆறாம் வகுப்பு. அபாரமான பிள்ளை. கணக்கை நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, அடுத்ததைப் போடு என்கிற மாதிரி பார்ப்பாள். ஒரு ஆசிரியர் வருடம் முழுக்க ஒரே இடத்தில் இருந்ததால் மற்ற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் நடந்து வந்தார்கள். நான் சந்தோஷமாகவே இருந்தேன், அதையும் மறைக்கக் கூடாது. சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் துணி சுற்றிப் பிடித்தேன். நடுவிரல் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. கேட்டால், "குளுரு போனா நிமுந்துக்கும் கண்ணு" என்றார். குளிர் மூன்று தடவை வந்து போனது.

இரண்டாயிரத்தில் அவர் மகள் எட்டாம் வகுப்பு தேறினாள். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே ஒரு விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தது. அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அதே வாரம் நர்சம்மா என்னிடம், "கீழ போயி ஒருக்கா பெரிய டாக்டரப் பாத்துருங்க கண்ணு" என்றார். பாருங்கள், எவ்வளவு அக்கறை என்றுதான் அன்று நினைத்தேன்.

சேலத்தில் டாக்டர் என் கைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். மூட்டுகளை உடம்பே அரித்துத் தின்கிற வாதம் இது, அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு, வலியை மட்டும் மறைத்து முகத்தை உப்ப வைத்திருக்கிறது, நோயைத் தடுக்கிற மருந்து வேறு, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். "யாரும்மா இத இத்தன வருஷம் குடுத்தது?" நான் அவரோடு சண்டைக்குப் போனேன். அங்கே நீங்கள் யாராவது வந்தீர்களா, டாக்டரே இல்லாத ஊரில் கையில் இருந்ததைக் கொடுத்தார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். டாக்டர் குனிந்து மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

வேலையை விட்டேன். சில வருடம் கழித்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரௌசிங் சென்டரில் வலைப்பதிவு ஆரம்பித்தேன். எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. பென்சிலைத் தலைகீழாக உள்ளங்கையில் இடுக்கி, ரப்பர் முனையால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன். பதிவுக்குப் பெயர் 'பத்து மிளகு'. அதன் தலைப்பில் ஒரு வரி: நம்பறேன் கண்ணு.

வலியோடு வாழ்வது பற்றித்தான் எல்லாமே. பாட்டில் மூடியைக் கதவிடுக்கில் வைத்துத் திறப்பது, காலையில் வெந்நீரில் கை வைத்து உட்காருவது, நம்பாத டாக்டரிடம் எப்படிப் பேசுவது, மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொள்வது. ஆனால் ஜனங்கள் வந்தது நர்சம்மாவுக்காக. "எங்க ஊருக்கு அவங்க மாதிரி ஒருத்தர் வரமாட்டாங்களா" என்று பின்னூட்டம் போடுவார்கள். துபாயிலிருந்து ஒருவர், மனைவியின் முதுகு வலியை இத்தனை நாள் நடிப்பு என்று நினைத்ததாகவும், என் பதிவைப் படித்துவிட்டுப் போன் செய்து மன்னிப்புக் கேட்டதாகவும் எழுதினார். டாக்டர்கள்கூட, மிளகு முறை நல்ல முறை என்று எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கை போனால் போகட்டும், அவரால் இத்தனை பேருக்கு நல்லது நடக்கிறதே என்று நினைத்த நாளும் உண்டு.

ஒருநாள் ஒரு பின்னூட்டம் வந்தது. பெயர் இல்லை, கடைசியில் ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது.

"டீச்சர், நான் உங்க ஆறாம் வகுப்பு. இப்ப நர்சா வேல பாக்கறேன். எங்க வார்டுல உங்க மாதிரி கை உள்ளவங்க வாராங்க. அம்மாவப் பத்தி நீங்க எழுதறத எல்லாம் படிக்கறேன். தயவு செஞ்சு இனிமே எழுதாதீங்க டீச்சர். உங்க முகவரி வேணும். ஒரு காகிதம் அனுப்பணும்."

முகவரியை மின்னஞ்சலில் அனுப்பினேன். தபாலில் வந்தது. பரிசோதனைக் கூடத்துச் சீட்டு. என் பெயர், என் வயது, தொண்ணூற்றெட்டாம் வருடத் தேதி, ஆர்.ஏ. பாசிட்டிவ், அதாவது சேலத்து டாக்டர் சொன்ன அதே வாதம். பின்பக்கம் டாக்டரின் கிறுக்கலில், 'உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும்' என்று இருந்தது. வேலைக்காகச் சான்றிதழ்களை எடுத்தபோது, தன் எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்குப் பின்னால் இது இருந்தது என்று அவள் துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தாள். கீழே, "என்னை மன்னிச்சிருங்க டீச்சர்" என்று இருந்தது. அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

இரண்டு வாரம் போனது. பிறகு பஸ் ஏறினேன். எழுபது வளைவிலும் அந்தச் சீட்டு என் பையில் இருந்தது.

நர்சம்மா ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்த்தார்.

"வாங்க கண்ணு. உள்ள வாங்க."

கட்டிலில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு முக்காலி போட்டு அவர் உட்கார்ந்தார். சீட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை, கண்ணாடியைத் தேடவும் இல்லை.

"புள்ள சொல்லிருச்சு" என்றார்.

"தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"ஆமாங்க."

இல்லை என்று சொல்வார், தெரியாமல் வைத்துவிட்டேன் என்று ஏதாவது ஒரு பொய் சொல்வார் என்று வழியெல்லாம் எதிர்பார்த்து வந்தேன். அந்தப் பொய்யை நம்பிவிடவும் தயாராக இருந்தேன்.

"நீங்க எறங்கிப்புட்டா பள்ளிக்கூடம் மறுக்காவும் கையெழுத்துப் பள்ளிக்கூடம் ஆயிரும்னு தெரியும். எம் புள்ள ஒரு வருசம் படிச்சுக்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் இன்னொரு வருசம். ராத்திரியெல்லாம் நெனப்பேன், நாளைக்குச் சொல்லிப்போடலாம்னு. காத்தால நீங்க சாக்பீசுக்குத் துணி சுத்திட்டுப் போறதப் பாப்பேன். இருபது புள்ளைக உங்க பொறத்தாண்டயே போவும். வாயே வரல கண்ணு."

"என் வலிய நம்பறேன்னு சொன்னீங்களே. அதும் பொய்தானா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது பொய் இல்ல. என்னிக்கும் பொய் இல்ல. ஒவ்வொரு மிளகையும் நம்புனேன்."

அது உண்மைதான் என்று எனக்குத் தெரியும். அதுதான் ஆறவே இல்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னங்க? மாசத்துக்கு ஒரு நா பஸ் ஏறிப் போயி மருந்து வாங்கிட்டு, மறுநா மேல வந்திருப்பேனே. உங்க புள்ளைக்கும் பாடம் நடந்திருக்கும், எனக்கும் விரல் இருந்திருக்கும். நான் போயிட்டா வரமாட்டேன்னு எப்படி முடிவு பண்ணுனீங்க? வலிய நம்புனீங்க. என்னை ஏன் நம்பல?"

நர்சம்மா வாசல் பக்கம் திரும்பினார். வெளியே ஒரு கோழி கிழங்குத் தோலைக் கிளறிக்கொண்டிருந்தது.

"எறங்குனவங்க ஒருத்தரும் திரும்பி வந்ததில்லீங்களே கண்ணு" என்றார்.

பிறகு எழுந்து போய், மாடத்திலிருந்து அந்தப் பவுடர் டப்பாவை எடுத்து வந்தார். இன்னும் வைத்திருந்தார். தட்டு ஒன்றைக் கட்டிலில் வைத்துத் தள்ளினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவருக்கு அது பழக்கதோஷம்தான். வேறு என்ன செய்வதென்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. நான் டப்பாவுக்குள் விரலை விட்டேன். ஒரு மிளகைப் பிடிக்கப் பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை. நழுவியது. மறுபடி விட்டேன். மறுபடி நழுவியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுத்துத் தரக் கை நீட்டினார், வேண்டாம் என்றேன். கடைசியில் உள்ளங்கையால் டப்பாவை ஒரே தட்டாகத் தட்டிக் கவிழ்த்தேன். மிளகு தட்டிலும் கட்டிலிலும் கொட்டித் தரையெல்லாம் ஓடியது.

"நம்பறேன் கண்ணு" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். கட்டில் தாழ்வு, முட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு முறை எழப் பார்த்தேன், முடியவில்லை. அவர் கையை நீட்டினார். அந்த வீட்டில் பிடிக்க வேறு எதுவும் எட்டவில்லை. அவர் கையைப் பிடித்துத்தான் எழுந்தேன்.